‘வலிக்குது சார்’ என்றொரு வாக்குமூலம்

ஓர் ஊழியர்மீது புகார் வந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் அவரிடம் கொடுக்க வேண்டும். விளக்கம் எழுத அவகாசம் தர வேண்டும். சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். குறுக்கே கேள்வி கேட்க அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். உடற்காயம் பற்றிய புகார் என்றால் மருத்துவரின் சான்று இருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தண்டனை. நம் அலுவலகப் பேச்சில், விதி எண்ணாலேயே, ‘பதினேழு பி’.

அந்தக் காலத்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறு விதிநூல் இருந்தது என்று உங்களில் ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். உட்காருங்கள். நூல் வேறு, சாரம் ஒன்றுதான். கேட்காமல் தண்டிக்காதே. எங்கள் ஊர் டீச்சர் விஷயத்தில் இதில் ஒரு வரிகூட நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டிய விசாரணையில் முதல் சாட்சி நான். அப்போது எனக்குப் பதினோரு வயது.

ஓய்வூதியர் சங்க மலருக்கு இளமைக்கால நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். நம்மில் பலரும் ஆற்றில் குளித்ததையும் மாங்காய் அடித்ததையும் எழுதுவார்கள். எனக்கு நினைவில் இருப்பது ஒரு முந்திரிப் பருவம். அதன் முடிவில் ஒரு பணிப்பதிவேட்டில் ஏறிய ஒரு வரி. ‘மாணவனின் கையில் காயம் ஏற்படுத்தியமைக்காகக் கண்டிக்கப்பட்டு, நிர்வாக நலன் கருதி மாறுதல் செய்யப்பட்டார்.’ வரி எனக்கு மனப்பாடம். எப்படி மனப்பாடமானது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வரியை அழிக்கத்தான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அலைந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே. புதுக்கோட்டை தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் பழைய மாவட்டத்தின் பெயரே இருந்தது. ஊரைச் சுற்றிச் செம்மண், செம்மண் முழுக்க முந்திரிக்காடு. மாசி கடைசியில் பழம் பழுக்கத் தொடங்கும். சித்திரை வரை ஊர் முழுவதும் ஒரே வாடை: விழுந்து அழுகும் பழத்தின் இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை. பழத்தைக் கடித்தால் தொண்டை கரகரக்கும். சாறு சட்டையில் பட்டால் கறை சட்டையோடுதான் போகும். அந்த இரண்டு மாதம் ஊரில் கறையில்லாத சட்டை தலைமையாசிரியருடையது மட்டுமே. அவர் முந்திரி தின்னாதவர் அல்லர். அவருக்கு உடைத்த பருப்பாகவே போய்விடும்.

அந்தப் பருவத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரமாட்டார்கள். கொட்டை பொறுக்கப் போவார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் எல்லோரும் வந்திருப்பார்கள். இது எந்த உத்தரவிலும் கிடையாது. தலைமையாசிரியர் காலையில் பேனாவைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் அத்தனை பேருக்கும் ‘வருகை’ போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஊருக்கும் நிம்மதி, பள்ளிக்கும் நிம்மதி, ஒன்றிய அலுவலகத்துக்கும் நிம்மதி. முழுப் பொய்யில் ஓர் ஊரே ஒற்றுமையாக இருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

டீச்சர் வந்தது அதற்கு முந்தின ஆடியில். ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் கறுப்புக் குடையோடு வருவார். யாரையும் அடித்ததில்லை. அடிக்காத ஆசிரியரை எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை; முதல் மாதம் அவருக்கு அடிக்கத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்பின் பதிவேடு அவர் கையில் இருந்தது. மாசி கடைசியில் வகுப்பு காலியானதும், வராத பிள்ளைகளுக்கு ‘வரவில்லை’ என்று போட்டார். அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி.

மூன்றாம் நாள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முந்திரிக்காட்டுக்கே வந்துவிட்டார். குடையைக் கிளையில் மாட்டினார். பதிவேட்டைத் திறந்து, வகுப்பில் கூப்பிடுவது போலவே வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். பழக்கம் பாருங்கள், மரத்தின் மேலிருந்து ஒருவன் “உள்ளேன் டீச்சர்” என்றான். காடே சிரித்தது.

“மரத்துல இருக்குறவன் எப்புடிய்யா உள்ளேன் ஆவ?” என்றார் டீச்சர். “எறங்கி வந்து பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் ஆப்சென்ட்.”

பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டார்: “ரெண்டு மாசந்தானே டீச்சரம்மா. கொட்டை என்ன, ஒங்க பரீச்சை முடியிற வரைக்கும் மரத்துல காத்துக்கிட்டா இருக்கும்?”

“பிள்ளையும் காத்துக்கிட்டு இருக்காதுங்க. வளந்துரும்.”

நாலைந்து பேர் மறுநாள் வகுப்புக்கு வந்தோம். அதில் நானும் ஒருவன். வராதவர்களின் பட்டியலை டீச்சர் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினார். அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஒன்றியத்தில் அதைப் படித்தவர் அவர் ஒருவர் என்று நினைக்கிறேன். பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டுப் பெற்றோருக்கு அறிவிப்பு வந்தது. அச்சடித்த காகிதம் வீட்டுக்கு வந்தால் ஜப்தி என்றுதான் ஊருக்குத் தெரியும். ஊர் கொதித்தது.

அந்த வருடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் பெரியப்பா. பொறுக்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் அவருக்குத்தான் பொறுக்கினார்கள். தலைமையாசிரியர் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தபோது நான் முற்றத்தில் கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் என்னங்க பண்றது? அந்தம்மா என்னையக் கேக்காம நேரா யூனியன் ஆபீஸுக்கே அனுப்பிருச்சு” என்றார் தலைமையாசிரியர்.

“நீங்க ஹெட்மாஸ்டரா, அந்தம்மா ஹெட்மாஸ்டரா?”

“போர்டுல நாந்தாங்க.”

“அப்ப ஒரு நாளைக்குப் போர்டையும் கழட்டிக்கிட்டுப் போயிரும். பாத்துக்கிட்டே இருங்க.” பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “காரணம் ஒண்ணு கெடைக்காமயா போகும்.”

காரணம் நான்தான். அது எனக்கும் தெரியாது, அவருக்கும் அன்று தெரியாது.

நண்பர்களே, முந்திரிக்கொட்டையை நீங்கள் தட்டில் வறுத்த பருப்பாகவே பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. கறுப்பாக, பிசுபிசுவென்று, தோலைத் தின்னும் எண்ணெய். வறுக்கும்போது தெறிக்கும், அரைகுறையாக வெந்த கொட்டையை உடைத்தால் விரலில் ஒட்டும். உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவார்கள். இல்லையென்றால் அன்று எரியும், மறுநாள் கொப்புளம், பிறகு தோல் கறுத்து உரியும். எங்கள் ஊரில் அந்தக் கையைத் தெரியாதவர் கிடையாது. பிறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

ஒரு சனிக்கிழமை பகல், நானும் அத்தை மகளும் பெரியப்பா முற்றத்தில் காயப்போட்ட குவியலிலிருந்து இரண்டு கை கொட்டை எடுத்தோம். அத்தை மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஓடைக்கரையில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னை மூன்று கல்மேல் வைத்துச் சருகைக் கொளுத்தினோம். எண்ணெய் பற்றிக்கொண்டு தீ எங்கள் உயரத்துக்கு எழுந்தது. புகை கண்ணைக் கரித்தது. ஆனால் அந்த மணம்! இன்றும் எந்தத் திருமண வீட்டுச் சமையல் கட்டிலும் அதை மறுபடி முகர்ந்ததில்லை.

“சாம்பலத் தேச்சுக்கடா” என்றாள் அத்தை மகள்.

“ஆறிப்போச்சு, போ.”

“கை அவிஞ்சுபோனா என்னையச் சொல்லக்கூடாது.”

சாம்பல் தேய்க்கவில்லை. அவசரம். பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மடியில் ஒரு பிடி கொட்டை வைத்திருந்த வேலைக்காரர் ஒருவரை, முந்தின வாரம்தான் பெரியப்பா எல்லோர் முன்பாகவும் வேட்டியை உதறச் சொல்லி விரட்டியிருந்தார்.

திங்கட்கிழமை என் வலது உள்ளங்கை முழுவதும் கொப்புளம். வீட்டில் கையை மூடியே வைத்திருந்தேன். வகுப்பில் பென்சில் பிடிக்க முடியவில்லை. டீச்சர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“விழுந்துட்டேன் டீச்சர்.”

“விழுந்தா கறுக்குமா?” அதற்கு மேல் கேட்கவில்லை. ‘கையில் கொப்புளம். உடனே வைத்தியரிடம் காட்டவும்’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி என் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். இந்தத் துண்டுச் சீட்டைப் பிறகு கோப்பில் ‘குற்றத்தை மறைக்கும் நோக்கில் மாணவனைப் பள்ளி நேரத்தில் வெளியேற்றியதற்கான ஆதாரம்’ என்று இணைத்தார்கள். நானும் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன். இந்தத் துணிச்சல் எனக்கு வந்ததில்லை.

அம்மா கையைப் பார்த்து அலறினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பா தூணோரம் நின்றார். அண்ணன் இருக்கும் இடத்தில் அப்பா வாய் திறப்பதில்லை.

“யார்றா பண்ணுனது?”

பெரியப்பா என் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருடைய மீசை என் விரலில் பட்டது. முகர்ந்தார். இரண்டு முறை முகர்ந்தார். பிறகு கையை மெதுவாகக் கீழே விட்டார். அவர் கண் ஒரு கணம் பக்கத்தில் தன் முற்றத்துக் குவியலுக்குப் போய்த் திரும்பியது. உதை விழப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“டீச்சர்தானே?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

நண்பர்களே, நான் செய்தது அந்த ஒரு தலையாட்டல். அதைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குப் பதில் தெரியும் என்பதை நான் புரிந்துகொள்ள வெகு காலம் ஆனது. இருபது வருடம் முந்திரி வியாபாரம் செய்த மனிதர். அடுத்த இரண்டு நாளில் அந்தக் கையை ஊரில் நாற்பது பேராவது வந்து பார்த்தார்கள். எல்லோரும் முந்திரி உடைக்கிறவர்கள். ஒருவர்கூட “இது கொட்டை எண்ணெய்” என்று சொல்லவில்லை. “சுட்ட கம்பிய வச்சிருக்கும்போல” என்றார் ஒருவர். “அங்கிட்டெல்லாம் அப்புடித்தான் பண்ணுவாக” என்றார், ஆவூரை எந்தக் காலத்திலும் பார்த்திராத இன்னொருவர்.

போன மாதம் அத்தை மகளிடம் தொலைபேசியில் பேசினேன். திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள்.

“பென்ஷன வாங்கிக்கிட்டு சும்மா கெடக்க முடியலையாடா ஒனக்கு? இப்ப எதுக்கு அதைக் கெளர்ற?”

“பெரியப்பாவுக்குத் தெரியும்னு நீ நெனைக்கிறியா?”

“நெனைக்கிறதென்ன, நான் கதவு மறைவுலதானே நின்னேன். எங்க பெரிய மாமா மோந்து பாத்தாரே. நாய்க்குக்கூட அந்த வாசம் தெரியும்.”

“நீ சொல்லியிருக்கலாமே.”

“யாரு கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஒதையும் வாங்கியிருப்பேன். கையி ஒன்னோடது. வாயும் ஒன்னோடதுதானே?”

புகாரை விசாரிக்கப் பள்ளி ஆய்வாளர் புதன்கிழமை வந்தார். பெரியப்பா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு இளநீர் குடித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போனது அதன் பிறகு. என்னைக் கூட்டிவந்து கைக்கட்டைப் பிரித்துக் காட்டினார்கள். டீச்சர் நாலடி தள்ளி நின்றார். ஆய்வாளர் குனிந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வலிக்குதா தம்பி?”

“வலிக்குது சார்.”

விசாரணை முடிந்தது. சாட்சியின் வாக்குமூலம் பதிவாகிவிட்டது. டீச்சர் ஏதோ சொல்லத் தொடங்கினார். “நீங்க எழுத்துல குடுங்கம்மா” என்றார் ஆய்வாளர். எழுத்தில் கொடுக்கக் குற்றச்சாட்டு எழுத்தில் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. அடுத்த வாரம் உத்தரவுதான் வந்தது. கண்டனம், கூடவே மாவட்டத்தின் மறுகோடியில், கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில், ஒரு கடற்கரைப் பள்ளிக்கு மாறுதல்.

எங்கள் பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளன்று டீச்சர் வழக்கம்போல வகுப்பெடுத்தார். வகுப்பில் ஏழு பேர். காலையில் பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது. நான் ‘உள்ளேன்’ சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி ஒரு முறை கூப்பிட்டார். நான் அவர் எதிரில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து ‘வரவில்லை’ என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பகல் பேருந்தில் பெட்டியோடு ஏறினார். மறுநாள் தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து எல்லோருக்கும் ஒரே இழுப்பில் ‘வருகை’ போட்டார்.

கண்டனம் சின்னத் தண்டனை என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த வரி டீச்சருக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளையின் கையைச் சுட்டவர் என்று ஒவ்வொரு பள்ளியிலும் அவர் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உதவி ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார்.

நான் ஓய்வு பெற்ற மறுமாதம் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனு கொடுத்தேன். காயம்பட்ட மாணவன் நானே. காயம் என் திருட்டால் வந்தது. அந்தப் பதிவை ரத்து செய்க. முதல் பதில்: மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. உரிய அலுவலரின் பதில்: மனு முதல் அலுவலருக்கே திருப்பப்பட்டுள்ளது. மூன்றாவது பதில்: மனுதாரர் சம்பந்தப்பட்ட ஊழியர் அல்லர். விடவில்லை, மேல்முறையீடு செய்தேன். நாலாவது பதிலைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ‘காயத்தின் தன்மை குறித்த மருத்துவச் சான்றை இணைக்கவும்.’

அரை நூற்றாண்டு தாமதமாக ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். இதை அந்தப் புதன்கிழமை, இரண்டாம் இளநீருக்கு முன் கேட்டிருந்தால், ஆலங்குடி அரசு மருத்துவமனையில் எந்தக் கம்பவுண்டரும் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். அன்று தேவைப்படாத சான்று இன்று தேவைப்படுகிறது. தண்டிக்க ஒரு பையனின் தலையாட்டல் போதும். தண்டனையை நீக்க அவன் கிழவனாகிப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலும் போதாது. அதே கடிதத்தின் கடைசியில், சம்பந்தப்பட்ட ஊழியரின் ஒப்புதலும் தேவை என்றிருந்தது. அது நியாயம். அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

டீச்சர் ஆவூர்ப் பக்கம் தம்பி மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. வயது எண்பதைத் தாண்டியிருக்கும். நாலு பக்கம் எழுதினேன். டின், தீ, சாம்பல், தலையாட்டல், எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். ஒப்புதல் படிவத்தைத் தயாரித்து, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை நாலாம் நாள் திரும்பியது. கடிதம் வரவில்லை. இரண்டு மாதம் தபால்காரரை வாசலிலேயே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது, வரி கோணவில்லை.

‘கடிதம் கிடைத்தது. அது கொட்டை எண்ணெய் என்று கையைப் பிடித்தபோதே தெரியும். ஆய்வாளரிடம் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைமேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. நான் உத்தரவின் நகல் கேட்டு அலுவலகத்துக்கு வந்த நாளைப் பற்றி நீ எழுதவில்லை. உன்னை எனக்கு அடையாளம் தெரிந்தது. உனக்கும் தெரிந்தது. அதையும் சேர்த்து முழுதாக எழுதி அனுப்பு. பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன்.’

படிவம் கையெழுத்தில்லாமல் உள்ளேயே இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்வி அலுவலகத்தில், அந்தப் பழைய கோப்புகள் இருந்த பிரிவில் உதவியாளர். பதவி உயர்வுப் பட்டியல் முடிவாவதற்கு முன் மேல்முறையீடு செய்ய, தண்டனை உத்தரவின் நகல் வேண்டும் என்று டீச்சர் கடற்கரையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். கோப்பு எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தது. முந்தின வாரம்தான் எடுத்து, மனப்பாடமாகும் வரை படித்திருந்தேன். அந்த வரியும், ‘வலிக்குது சார்’ என்ற என் வாக்குமூலமும் அதில் இருந்தன. என் பெயரும் தகப்பனார் பெயரும் தெளிவாக இருந்தன. அதை வெளியே எடுத்தால் என் பிரிவு முழுவதும் படிக்கும்.

“பழைய ஃபைல்மா. தேடிப் பாத்தாச்சு, கெடைக்கல. எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நல்லாத் தேடிப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பாத்துட்டேம்மா.”

விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் நான் பதில் அனுப்பவில்லை. அந்த ஆண்டுப் பட்டியல் அவர் பெயர் இல்லாமல் வெளியானது. பெரியப்பாவும் ஆய்வாளரும் அப்போது உயிரோடு இல்லை. யாரும் என் தோளுக்கு மேல் நின்று “டீச்சர்தானே?” என்று கேட்கவில்லை.

விண்ணப்பம் பெற்றால் எத்தனை நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அனுப்பவில்லை. டீச்சர் அனுப்பினார். முழுதாக எழுதி அனுப்பச் சொன்ன அவர் பதில் என் கைக்கு வந்த நாள், ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, முற்பகல்.